ஆற்றங்கரை மேடையில் ஹோபர்ட்

வெர்லி கான்ட்ரெலைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் "நல்ல மனுஷி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த நல்ல மனுஷியை இவர்கள் எப்படி அலையவிட்டார்கள் என்பதை எவனும் சொல்ல மாட்டான். நான் சொல்கிறேன். மேற்கு வர்ஜீனியாவின் இந்தப் பிளாட் ரன்னில் இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். இங்கே யாருக்கு உடம்பில் என்ன கோளாறு என்று தெரியும், புத்தியில் என்ன கோளாறு என்றும் தெரியும்.

வெர்லி ஊராட்சி அலுவலகத்தின் ஒரே குமாஸ்தா. அவள் புருஷன் ஹோபர்ட் முப்பது வருஷம் சுரங்கத்தில் உழைத்தவன், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் அறுபது மைல் காரோட்டிக்கொண்டு போய் டயாலிசிஸ் செய்து கூட்டி வருவாள். வருகிற வழியில் இரண்டு முறை காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுப்பான். வீட்டிலேயே செய்துகொள்ள மெஷின் தருகிறோம் என்றது ஆஸ்பத்திரி. வெர்லி ஆறு வாரம் பயிற்சி எடுத்தாள். நல்ல தண்ணீர் மட்டும் இருந்தால் போதும். ஆனால் ஊர்க் குழாய் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். அதற்கு மேல் நாலு மைல் தள்ளி சவர்வுட் பள்ளத்தாக்கில் அவர்கள் வீடு. அங்கே அறுபத்தோரு பேருக்கும் கிணறுதான். தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் வரும். அதைச் சோதிக்க வந்த நர்ஸ் ஒரு குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, மெஷினைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வெர்லி அசரவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் காங்கிரஸ் உறுப்பினர், அதாவது வாஷிங்டனில் எங்கள் எம்.பி., ஊர்களிடம் மனு வாங்குவார். மத்திய பட்ஜெட்டில் ஊர் பெயர் போட்டு இன்ன வேலைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வாங்கித் தருவார். இயர்மார்க் என்பார்கள். இரண்டு மனு போடலாம், ஒன்றுதான் தேறும்; கூடவே மக்களின் ஆதரவுக் கையெழுத்துகள் வைக்க வேண்டும். ஐந்து வருஷம் வெர்லி குழாய் கேட்டாள். ஐந்து வருஷமும் "பரிசீலித்தோம், நன்றி" என்று பதில் வந்தது. பக்கத்து ஊருக்கு மட்டும் பழைய ரயில் வண்டி நிற்கும் அருங்காட்சியகம் வந்தது. அதில் உறுப்பினர் ரிப்பன் வெட்டின போட்டோ வாஷிங்டன் வரைக்கும் போனது.

அந்தப் போட்டோதான் எங்கள் மேயர் டென்சில் ஷ்ரூஸ்பரியின் மண்டையைக் குடைந்தது. ஆறாவது வருஷம் அவர் வெர்லியின் மேஜைமேல் வந்து உட்கார்ந்தார்.

"குழாய் மண்ணுக்குள்ள போயிடும் வெர்லி. அந்த மனுஷன் எங்க நின்னு போட்டோ எடுத்துப்பாரு? ஆத்தங்கரையில ஒரு கச்சேரி மேடை கேப்போம். கண்ணுக்குத் தெரியற மாதிரி."

"கச்சேரி பண்றது யாரு டென்சில்?"

"வருவாங்க. மேடை கட்டினா வராமலா போவாங்க?"

ஏப்ரலில் தீயணைப்பு நிலையத்தில் ராம்ப்ஸ் விருந்து. காட்டுவெங்காயத் தழையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கி, உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டு ஊரே சாப்பிடும். நாலு நாளைக்கு ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் நிற்க முடியாது, அப்படி நாறும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வீட்டுக்காரன் காகிதம் நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்தால் அவனைச் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தம். மரியாதையாம். வெட்கங்கெட்ட மரியாதை. டென்சில் ஒரு கையில் சோளரொட்டித் தட்டும் மறு கையில் காகிதம் செருகிய அட்டையுமாக மேஜை மேஜையாகச் சுற்றினார். நானும் போட்டேன். என்னை என்ன சொல்லித் திட்ட வேண்டுமோ, திட்டிக்கொள்ளுங்கள்.

மே மாதம் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்திலிருந்து போன். பேசியவன் நேற்றுத்தான் காலேஜ் முடித்தவன் போலிருந்தான்.

"வாழ்த்துக்கள் மேடம், மேடை தேர்வாயிடுச்சு. இருநூத்து நாப்பது பேர் ஆதரவு. குழாய்க்கு அறுபத்தோரு பேர்தான்."

"பள்ளத்தாக்குல இருக்கறதே அறுபத்தோரு பேருப்பா. அதுல ஒரு குழந்தைகூட விடல."

"அவங்களும் மேடையைத்தான் ஆதரிச்சிருக்காங்க மேடம். மொதக் கையெழுத்தே ஹோபர்ட் கான்ட்ரெல்."

வெர்லி பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது நீங்க," என்றான் அவன், சந்தோஷமாக.

அன்று சாயங்காலம் மாத்திரை வாங்க வெர்லி என் கடைக்கு வந்தபோது ஹோபர்ட் காரிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நீ ஏன் கையெழுத்துப் போட்டேன்னு அவன்கிட்ட கேட்டேன். டென்சில் தட்டைக் கையில வெச்சிட்டு நின்னான், பாவமா இருந்துச்சுங்கறான். நான் ஏன் போட்டேன்னு அவன் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அப்புறம் அழுதாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரையே பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. மாத்திரையை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வருஷத்தில் மேடை எழுந்தது. திறப்பு விழாவில் காங்கிரஸ் உறுப்பினர் பின்பக்கத்துக் கலைஞர் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் குடித்தார். அருமையான தண்ணி என்றார். அதோடாவது நிறுத்தினாரா, பிளாட் ரன் மக்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று வேறு சொன்னார். வெர்லி டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

அதன் பிறகு அங்கே ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு ஒரு பாஞ்சோ வாத்தியக் கோஷ்டி வாசித்தது. அவ்வளவுதான். மழையில் மேடை சும்மா நின்றது. கலைஞர் அறையில் நல்ல தண்ணீர், கழிவுநீர்க் குழாய், ஹீட்டர், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, சாய்வு நாற்காலி எல்லாம் இருந்தன. சாவி குமாஸ்தாவிடம்.

அக்டோபரில் வெர்லி நர்ஸை வரவழைத்தாள். நர்ஸ் குப்பியில் தண்ணீர் பிடித்துப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள், ஹோபர்ட்டைப் பார்த்தாள்.

"இது வீடா?"

"அவர் இங்கதான் இருக்கப் போறாரு," என்றாள் வெர்லி.

நர்ஸ் படிவத்தில் வீடு என்று எழுதினாள். அந்த மாவட்டத்திலேயே மூளையோடு நடந்துகொண்ட ஒரே அதிகாரி அவள்தான்.

வாரம் ஐந்து நாள் ஹோபர்ட் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மெஷினோடு உட்கார்ந்தான். வாந்தி நின்றது. முகத்தில் ரத்தம் ஏறியது. மூன்றாவது வாரம் டென்சில் வந்து வாசலில் நின்றார். குழாய்களில் ஓடும் ரத்தத்தைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வெர்லி, இது சரியில்ல. இது கலைக்குன்னு கட்டின எடம்."

"கூடாதுன்னு எழுதிக் குடுங்க. படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடறேன்."

டென்சில் எழுதித் தரவில்லை. எழுதித் தரும் அளவுக்கு அவருக்கு முதுகெலும்பு கிடையாது.

அடுத்த வருஷக் கடைசியில் மேடை எத்தனை நாள் பயன்பட்டது என்று கேட்டு வாஷிங்டனிலிருந்து படிவம் வந்தது. வெர்லிக்குப் பொய் எழுத வராது. ஒரு முழு வருஷத்துக்கு இருநூற்று நாற்பத்தாறு நாள் என்று எழுதினாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, கேட்க அதில் கட்டமும் இல்லை. மாநிலத்திலேயே அதிகம் பயன்படும் மேடை என்று பாராட்டுக் கடிதம் வந்தது. காங்கிரஸ் உறுப்பினர் அதைப் பேட்டியில் வேறு சொன்னார்.

டென்சில் கடிதத்தை எடுத்துக்கொண்டு கலைஞர் அறைக்கே ஓடி வந்தார். அன்று ஹோபர்ட்டுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க நானும் அங்கே இருந்தேன்.

"எட நெருக்கடின்னு அவங்களே சொல்றாங்க வெர்லி. இந்தத் தடவை இன்னொரு அறை கேளுங்கன்னு எழுதியிருக்காங்க. அதை ஒண்ணாவதா போடு. குழாயை ரெண்டாவதா போட்டுக்கலாம்."

அவர் போன பிறகு வெர்லி மெஷினின் அளவைக் குறித்து வைத்தாள். அவள் எழுதின நிஜம் அவள் குழாயையே மறுபடி கீழே தள்ளிவிட்டது. நான் டென்சிலைத் திட்டினேன், வாஷிங்டனைத் திட்டினேன், ராம்ப்ஸைக்கூடத் திட்டினேன்.

"அறையையே போடு," என்றான் ஹோபர்ட்.

"குழாய் வேண்டாமா உனக்கு?"

"வேணும். ஆனா அது வரதுக்குள்ள பள்ளத்தாக்குல இன்னும் நாலு பேருக்குக் கிட்னி போயிரும். பக்கத்து வீட்டு ராய்ஸோட அம்மாவுக்குக் காலெல்லாம் வீங்கியிருக்காம். அவளை எங்க உக்கார வைப்ப?"

வெர்லி மனுப் படிவத்தை எடுத்து, முதல் கட்டத்தில் அறை என்று எழுதினாள்.