துக்கச் செய்திக்கு யாரும் இதயம் போடுவதில்லை

பிள்ளைகளா, நம் பழைய தோட்டத்து மக்களுக்காக நீங்கள் அமைத்துக் கொடுத்த இணைய மன்றத்தை அப்பா எந்நேரமும் நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று அம்மா குறை சொல்லியிருப்பாள். உண்மைதான். தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டும்போது பைக்குள் கைப்பேசி அதிர்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எடுத்துப் பார்க்கவும் முடியாது.

மன்றத்துக்குப் பொறுப்பு நான்தானே, தொடக்கத்தில் எல்லாரும் நேராக எழுதலாம் என்று விட்டிருந்தேன். யாரோ ஒருவன் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லி நுழைந்து, வட்டிக்கடன் விளம்பரமாக ஒட்டித் தள்ளினான். அதற்குப் பிறகுதான் நம்பிக்கைப் படிகளை மாற்றினேன். கீழ்ப்படியில் இருப்பவர் எழுதினால் நான் அனுமதித்த பிறகே வெளியே வரும். மற்றவர்கள் இதயக் குறி போடப் போட, எழுதுபவர் தானாக மேலே ஏறுவார்.

நம் ஆட்கள் மரியாதைக்காரர்கள். பூப்படத்தோடு காலை வணக்கம் போட்டாலும் இதயம் கொட்டும். உங்கள் மாமா அப்படியே உச்சிப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு நாள் காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, ஈப்போவில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் மேல் லயத்து வீட்டில் இருந்த அக்கா கூப்பிட்டார். தோட்டத்து ஆட்களில் யார் தவறினாலும், கோயில்காரரோ சர்ச்காரரோ, விசாரித்து மன்றத்தில் செய்தி போடுவது அவர்தான்.

"தம்பி, காலையிலயே போட்டேன், ஒரு ஆளும் வரலியே. அம்மா அப்பா வேலைக்குப் போனப்ப ஆயாக்கொட்டாயில நம்மள எல்லாம் பாத்துக்கிட்டாங்களே, அவங்க போய்ட்டாங்க. புள்ள குட்டி இல்ல. நாலு மணிக்கு எடுக்கணும். மூணாவது மாடி, லிஃப்ட்டு ரோசாக், ஓடல. பெட்டிய எறக்க யாருப்பா இருக்கா?"

ஈரக்கையோடு மன்றத்தைத் திறந்தேன். செய்தி என் அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவர் எழுதுவதை எப்போதும் பார்த்தவுடன் அனுமதித்துவிடுவேன். எந்தப் படியில் இருக்கிறார் என்று கவனித்ததில்லை. கீழ்ப்படி! பழைய செய்திகளைப் புரட்டினேன். ஒன்றுக்குக்கூட இதயம் இல்லை. சாவுச் செய்திக்கு யார் போடுவார்கள்? படித்தார்கள், கிளம்பினார்கள், போய் நின்றார்கள். அது எந்திரத்துக்கு எங்கே தெரியும்?

செய்தியை வெளியே விட்டேன். அக்காவை என் கையாலேயே உச்சிப்படியில் ஏற்றி, இறங்காதபடி பூட்டினேன். அப்புறமும் நிலைகொள்ளவில்லை. வேலை நேரத்தில் யார் பார்ப்பார்கள்?

முதலில் கூப்பிட்டவர் மாமாதான். "என்னா மச்சான், இப்பத்தான் உள்ள விடுறியா? கேட்டுல கங்காணி மாதிரி ஒக்காந்திருக்க லா!"

"திட்டுறத அங்க வந்து திட்டு. ஆள கூட்டிக்கிட்டு வா."

நான் அந்த அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டில் நாலைந்து பேர்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காம்பாரிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வேலை உடுப்போடு வந்தார்கள். படிக்கட்டு குறுகல். பெட்டி திருப்பத்தில் சிக்கியது. "தலைப்பக்கம் தூக்கு மச்சான், பூப்படம் மாதிரி சும்மா வந்திராது!" என்று நான் சொல்ல, மாமா அழுதுகொண்டே சிரித்தார். இறக்கிவிட்டோம்.

லூமுட்டிலிருந்து வந்த ஒருவருக்கு மட்டும், செய்தி பிந்திப் போனதால், முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. நேராகச் சுடுகாட்டுக்கு வந்தார். என் தோளைத் தட்டிவிட்டு முன்னால் போனார். ஏன் பிந்தியது என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மன்றத்தின் நம்பிக்கைப் படிகளையே எடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு. எடுத்தால் வட்டிக்காரன் மறுபடி வருவான் என்று இன்னொரு நினைப்பு.

எல்லாரும் கலைந்த பிறகு காரில் தனியாக உட்கார்ந்து மன்றத்தைத் திறந்தேன். புதிதாகச் சேர ஒருவர் காத்திருந்தார். தன் அம்மா நம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் என்று மட்டும் எழுதி, தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார். அனுமதிக்கவும் விரல் போகவில்லை, மறுக்கவும் போகவில்லை. பேசிப் பார்த்துவிடலாம் என்று அந்த எண்ணை அழுத்திக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டேன்.