பலாலி விமானம்

கொழும்புத்துறைச் செபநாயகம், அதே ஊர் லியோனுக்கு நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தார்.

செபநாயகம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் குவைத்துக்குப் போய் மூட்டை சுமந்து, பிறகு நாற்பது பேரை வேலை வாங்கி, ஊரில் கல்வீடு எழுப்பியவர். அவரிடம் கை நீட்டினவர்கள் ஊர் நிறைய உண்டு. அவர் நீட்டினது இந்த ஒரு தரம்தான்.

எண்பத்திமூன்றாம் ஆண்டு மாசி மாதம். குவைத்தில் வேலையிலிருந்த லியோனுக்கு, தகப்பன் மோசம்போய்விட்டார் என்று தந்தி வந்தது. விடுமுறையில் கிளம்பவிருந்த செபநாயகம், "நான் இருக்கிறன், பயப்பிடாதை" என்று அவனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். காலையில் கட்டுநாயக்காவில் இறங்கி, பத்து மணி விமானத்தில் பலாலிக்குப் போகவேண்டும். பின்னேரம் அடக்கம். மகன் வந்து முகம் பார்க்காமல் பெட்டியை மூடுவதில்லை என்று வீட்டார் காத்திருந்தார்கள்.

கட்டுநாயக்காவில் செபநாயகம் பெட்டிகளை அடுக்கிவிட்டு ஓர் இருக்கை வாங்கில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணை, பலாலிப் பிளேன் எங்கை நிக்குது எண்டு ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"நான் துபாயிலை ரெண்டு தரம் மாறி ஏறினவன்ரா. இறங்கின இடத்திலையே கூப்பிடுவாங்கள். உதுகளைக் கேட்டா எங்களைப் பட்டிக்காடெண்டு சிரிப்பாங்கள்."

முந்தி ஊருக்கு வந்தபோதெல்லாம் அவர் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறித்தான் போயிருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் இருந்த இங்கிலிசை வாசிக்க அவருக்கு வராது. அதையும் சொல்லவில்லை.

லியோன் மறுபடி எழும்பினான். "இரடா, அந்தரப்படாதை" என்று இருத்தினார். அடுத்த முறை அவன் அவரைக் கேட்காமலே போய் விசாரித்தான். ஓட்டமாகத் திரும்பி வந்தான்.

"அண்ணை, அது இஞ்சையிருந்து இல்லையாம். இரத்மலானையாம். கொழும்புக்கும் அங்காலை."

செபநாயகத்தின் பையில் வங்கி டிராப்ட் மட்டும்தான். வாடகைக் காருக்கு லியோன்தான் கொடுத்தான். அங்கே போய்ச் சேர, விமானம் போய்விட்டிருந்தது. ரயிலுக்கும் அவன்தான் கொடுத்தான்; செபநாயகத்தின் பங்கு நானூறு. வழி நெடுக ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் செபநாயகமும் திருப்பி ஏசியிருப்பார்; அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

மறுநாள் போனபோது வீட்டில் பெட்டி இல்லை. இருட்டும் மட்டும் வைத்திருந்துவிட்டு, இனித் தாங்காது என்று எடுத்துவிட்டார்களாம். லியோனின் அக்கா றோஸ் அழுது முடித்து, செபநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

"பிளேன் ஓடேல்லையாம், தம்பி சொன்னவன். நீங்கள் கூட நிண்டபடியாலைதான் அண்ணை, உவன் வழிவாய்க்கால் தெரியாமல் அலையாமல் வந்து சேந்தான். உங்களைக் கர்த்தர்தான் அனுப்பினவர்."

செபநாயகம் அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

எட்டாம் நாள் பூசை முடிந்து வந்தபோதும் அவரைத்தான் முதற்பந்தியில் இருத்தினார்கள். றோஸ் பெரிய மீன்துண்டாகப் பார்த்து வைத்தாள். பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழும்பினார். கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"பிள்ளை றோஸ், பிளேன் நேரத்துக்குத்தான் ஓடினது. உவன் கேக்கப் போக எழும்பினவன். நான்தான் பிடிச்சு இருத்தினனான். எல்லாம் தெரியுமெண்டு சொன்னன். எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை."

"அப்ப, அப்பாவின்ரை முகத்தை..." றோஸ் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

செபநாயகம் மடியிலிருந்து காசை எடுத்தார். "கிடக்கட்டும் அண்ணை" என்று லியோன் சொல்லுவான் என்றுதான் நினைத்தார். லியோன் சொல்லவில்லை. கையை விரித்து நீட்டினான். நாலு நூறு ரூபாய்த் தாள்களையும் செபநாயகம் ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தார்.