நடு உச்சியில் ஒரு மேடு

என் மகனுக்கு அப்போது மூன்று மாதம். தினமும் காலையில் அவனைக் குளிப்பாட்டுவது என் கணவரின் அக்கா, எனக்கு மதினி. புதுக்கோட்டை மார்க்கெட்டில், ஜெகதாப்பட்டினத்திலிருந்து வருகிற மீனை வெட்டிக் கொடுப்பவர், முரட்டுக் கை. பிள்ளையின் தலை உருண்டையாக வரவேண்டும் என்று எங்கள் பக்கம் எண்ணெய் தேய்த்து உள்ளங்கையால் உருட்டி விடுவார்கள். மதினியும் உருட்டினார். அப்படியும் அவன் தலை நீண்டுகொண்டே போனது. நடு உச்சியில் நெற்றியிலிருந்து பின்மண்டை வரை விரலுக்குத் தட்டுப்படும் ஒரு மேடு வேறு.

அதை முதலில் கண்டுபிடித்ததே மதினிதான்.

"இங்கிட்டு எலும்பு ஏறி நிக்கிது. டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிருவோமா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் போட்டு அமுக்கியதால்தான் இப்படி ஆகிவிட்டது, இனிமேல் பிள்ளை தலையில் கை வைக்க வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மதினி, உள்ளங்கையில் ஊற்றியிருந்த எண்ணெயைத் தன் தலையில் தடவிக்கொண்டு எழுந்து போனார்.

படித்தவள் என்ற திமிர். நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பதே மீன்களின் மண்டை ஓட்டை வைத்துத்தான். வரிக்குதிரை மீன் குஞ்சுகளுக்கு, எலும்பில் மட்டும் சிவப்பாக ஏறும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். மண்டை எலும்புகள் ஓரத்தில் சின்னத் துண்டுகளாகத் தொடங்கி, ஒன்றை நோக்கி ஒன்று வளரும். கிட்டே வந்ததும் ஒட்டிக்கொள்ளாமல் நிற்கும். நடுவில் மெல்லிய கோடு. அந்தக் கோட்டில் இருக்கும் செல்கள்தான் மண்டையை மேலும் வளரவிட்டு மூளைக்கு இடம் கொடுக்கின்றன. இதை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் வாரம், கோளாறான மீன் ஒன்றைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கோட்டைக் காணோம். இரண்டு எலும்பும் ஒன்றாகி, சேர்ந்த இடம் வரப்பு மாதிரி மேலெழும்பியிருந்தது. பென்சில் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இதை நான் விரலால் தொட்டிருக்கிறேன். வீட்டில், என் மடியில். பக்கத்தில் இருந்தவர் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. கை அமுக்கியதால் அந்தக் கோடு மூடாது என்பது எனக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்கேனும் அதையேதான் காட்டியது. மூடிய எலும்பைத் திறந்துவிட ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் மூளைக்கு இடம் போதாமல் போகலாம் என்றார் டாக்டர். நல்ல வேளை, சீக்கிரமே கொண்டுவந்துவிட்டீர்கள், யார் கவனித்தது என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலை மதினி வீட்டுக்குப் போய், பிள்ளையைக் குளிப்பாட்டிவிடச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபேச்சு இல்லாமல் வந்தார். காலை நீட்டி உட்கார்ந்து அவனை வாங்கிப் போட்டுக்கொண்டார். கழுத்து வரைக்கும் எண்ணெய் தேய்த்தவர், அதற்கு மேல் போகாமல் கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தலையத் தொடலாமா?" என்று கேட்டார்.