கடிக்கிற பிள்ளையின் அப்பா

லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சுற்று வட்டாரத்தில் ஒன்பது கட்டடங்களில் லிஃப்ட் மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர், அவர் கடைக்குட்டி. மூத்த அக்காளுக்கும் அவருக்கும் பதினேழு வயது வித்தியாசம். அவர் பிறந்த மூன்றாம் மாதமே தாய் படுக்கையில் விழுந்துவிட, அக்காள்தான் இடுப்பில் சுமந்து ஆளாக்கினாள். அக்காள் ஒரு சொல் சொல்லி அதை அவர் தட்டியதே இல்லை. 

அவருடைய மகளுக்கு நாலு வயது. நர்சரியில் மற்ற பிள்ளைகளைக் கடித்தாள். கிள்ளுவதில்லை, தள்ளுவதில்லை, முடியைப் பிடித்து இழுப்பதில்லை, நேரே கடிதான். இரண்டு மாதத்தில் பதினோரு கடி. பிள்ளைகளை விட வரும் அம்மாக்கள் வாசலில் நின்று, "கடிகாரம் வந்தாச்சா?" என்று அவர் காதுபடவே கேட்டுச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு புகாராக மாறியது. தலைமை டீச்சர் அவரை உள்ளே கூப்பிட்டு, இன்னும் ஒரு கடி என்றால் பாப்பாவை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்சரி இல்லையென்றால் அவர் வேலைக்குப் போக முடியாது. மனைவி வேறு நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அவள் போன நாளிலிருந்து பாப்பா ஒரு தடவைகூட அழவில்லை. என்ன சமர்த்துப் பிள்ளை என்று பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அவரும் மெச்சினார்.

கடி விவகாரம் எப்படியோ அக்காள் காதுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"ஒத்த ஆம்பளையா பொம்பளப் பிள்ளைய எப்படிடா வளர்ப்பே? என் வீட்டுல ரெண்டு மருமகளுங்க இருக்காங்க, பேரப் பிள்ளைங்க இருக்கு. கூட்டத்தோட கூட்டமா வளர்ந்துட்டுப் போகட்டும். சனிக்கிழமை வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். துணிமணிய எடுத்து வை."

நல்ல மனதோடு சொன்ன பேச்சு. அவர் "சரிக்கா" என்றார். போனை வைத்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டே அறை. கதவோரம் பாப்பாவின் செருப்பு, நாற்காலிமேல் பாப்பாவின் சட்டை, தரையில் தலையில்லாத ஒரு பொம்மை. இவ்வளவும் போய்விட்டால் மிச்சம் இருப்பது அவரும் ஃபிரிட்ஜ் போடும் சத்தமும்தான்.

லிஃப்ட் வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நின்றுபோன லிஃப்டைப் போனவுடன் தொடமாட்டார். முதலில் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு, எந்த மாடியில் நிற்கிறது, எத்தனை மணிக்கு, உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் குடைவார். சும்மா நிற்கிற லிஃப்ட் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. வியாழக்கிழமை காலை நர்சரி ஆயாவிடம் போய் அதே மாதிரி கேட்டார்.

ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கடிச்ச நேரத்தை எல்லாம் யாரு தம்பி எழுதி வைக்கிறா?" என்றாள். ஆனால் விரல் விட்டு எண்ண ஆரம்பித்ததும் அவளுக்கே ஆச்சரியம். பதினொன்றில் ஒன்பது கடி பன்னிரண்டரை மணிக்கு, அரை நாள் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, வாசல் பக்கத்தில். மற்ற இரண்டும் சாயங்காலம், முழு நாள் பிள்ளைகள் கிளம்பும்போது.

அன்று பன்னிரண்டரைக்கு அவர் நடையில் செருப்பு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார். தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் வாயே திறக்காமல் போனாள். பாப்பா அவளைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்து ஒரு குண்டுப் பையன். பையை மாட்டிக்கொண்டு டீச்சருக்கு ஒரு 'வரேன்', ஆயாவுக்கு ஒரு 'வரேன்', கடைசியாகப் பாப்பாவிடம் வந்து, "நான் வரேன்" என்றான். பாப்பா அவன் தோளைக் கவ்விவிட்டாள்.

ஆயா பாய்ந்து பிரித்தாள். நல்லவேளை, கடி சட்டையோடு போயிற்று. அவர் பாப்பாவைக் குழாயடிக்குத் தூக்கிப் போய் வாயைக் கழுவிவிட்டார். கோபப்படாமல், ஏன்டா கண்ணு என்று கேட்டார். இதற்கு முன் ஏன் என்று கேட்டதில்லை, கடிக்கக்கூடாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"அவன் பொய் சொல்றான்," என்றாள் பாப்பா. "வரேன்னு சொல்லிட்டுப் போறான்."

லிஃப்ட்காரர் குழாயை மூட மறந்து நின்றார். கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'வரேன்' என்றுதான் சொல்லவேண்டும் என்று சின்ன வயதில் அவர் வாயில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது அக்காள். எல்லாருக்கும் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. மனைவியும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வரேன்டா" என்றுதான் ஏறினாள். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அதே சொல்.

தலைமை டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகள் 'போறேன்' என்று சொல்லட்டுமே என்று கெஞ்சினார். டீச்சருக்குப் பாதி சிரிப்பு, பாதி சங்கடம். எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்றார். ஆயாதான் குறுக்கே புகுந்தாள்.

"டாட்டா சொல்லச் சொல்லுங்க டீச்சர். டாட்டாவுல போறதும் இல்ல, வர்றதும் இல்ல."

டீச்சர் யோசித்தார். இந்தக் கடியைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காள் காலிப் பை ஒன்றோடு வந்து இறங்கினாள். இவர் நடந்ததைச் சொன்னபோது, ஒரு வார்த்தைக்காகவா பிள்ளை கடிக்கும், நீயாக எதையாவது கட்டிவிடாதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பாப்பாவின் சட்டைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். 

மறுநாள் பத்து மணிக்கு மனைவி போனில் வந்தாள். பாப்பாவைக் கொஞ்சினாள், பல் தேய்த்தாயா என்றாள், முடிக்கும்போது, "அம்மா வரேன்டா செல்லம்" என்றாள். பாப்பா தன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"எப்ப வர்றே? தேதி சொல்லு. தேதி இல்லேன்னா அந்த வார்த்தைய இனிமே அவகிட்ட சொல்லாதே."



"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றாள்.

"அதுக்கு அப்புறம்?"

"தெரியலங்க." பிறகு, "வைக்கிறேன்" என்றாள்.

அவர் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தப் பதினான்கு மாதமும் 'வரேன்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டியது பாப்பா மட்டுமல்ல. பிறகு வெளியே வந்து, பாப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா போயிட்டாங்கடா. இப்போதைக்கு வரமாட்டாங்க. உன்மேல கோபம் இல்ல. அப்பாவும் வேலைக்குப் போவேன். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து உன்னைக் கூட்டிக்குவேன்."

பாப்பா அவர் முன்கையைப் பிடித்து, பல் பதியக் கடித்தாள். அவர் கையை இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பல் தளர்ந்தது. அதன்பிறகு வந்தது அழுகை. அப்படி ஓர் அழுகையை அந்த வீடு கேட்டதில்லை. மூக்கு ஒழுக, விக்கி விக்கி, அம்மா அம்மா என்று மத்தியானம் வரை அழுதாள். அக்காள் மடித்த சட்டையைக் கையில் வைத்தபடி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவ இங்கேயே இருக்கட்டும்," என்றார் அவர், பாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே. "அம்மாவும் இல்ல, நானும் இல்லேன்னா இவ யாரைத்தான் கடிப்பா?"

அக்காள் சட்டையை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் பையைக் கவிழ்த்தாள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பழக்கத்தில் 'வ' என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். 'போறேன்' என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் அந்தக் கனத்த கையைத் தூக்கி, வெட்கத்தோடு, "டாட்டா" என்றாள். பாப்பா வீங்கிய கண்ணோடு கையாட்டினாள்.

நர்சரியில் அந்த வாரம் கடி இல்லை. அடுத்த மாதம் ஒன்று நடந்தது. அது பொம்மைக்கான சண்டை, எல்லாப் பிள்ளைகளும் போடுகிற சண்டை என்று டீச்சரே சொல்லிவிட்டார். மனைவியின் போன் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று ஆனது. பேச்சுக்கு ஆளில்லாமல் லிஃப்ட்காரர் சில நாள் வேலை முடிந்தும் லிஃப்ட் பெட்டியின் மேலேயே, கம்பிகளுக்கு நடுவில், அஞ்சு மணியாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒரு சாயங்காலம் கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள், நீங்கள் மேலே எத்தனை பேர் என்று விசாரித்தாள். மூன்று பேர், வீட்டுக்காரி வெளிநாட்டில், சீக்கிரம் வந்துவிடுவாள் என்பது அவர் எல்லாரிடமும் சொல்லிவந்த பதில்.

"நாங்க ரெண்டு பேர்தாங்க," என்றார்.

 பாப்பா ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறத் தொடங்கியிருந்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.