பாதாளக் கோட்டையில் ஒரு துஷ்டி

நவீன்குமார் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவனுடைய காதுகுத்து வீட்டில். பத்திரிகையில் தன் பெயரை மூன்றாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று தாய்மாமன் செல்லத்துரை, "நவீன்குமாராம் நவீன்குமார், எவன் மடியிலயாச்சும் வச்சுக் குத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். பிள்ளையின் அம்மா செல்வலட்சுமி என் கொழுந்தனார் மகள். ஏலத் தோட்டத்தில் வேலை.

வளர்ந்ததும் அவன் குமுளியில் ஒரு ரிசார்ட்டில் சேர்ந்தான். மூன்று வருடமாகத் தற்காலிகம்தான். அங்கே கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். யானை பார்க்க மலையேறி வந்தவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரன், மந்திரவாதி என்று வேஷம் கட்டிப் பகடை உருட்டுவார்கள். கதைக்குள் இருக்கும் அரக்கர்களைக் கொன்று புதையல் எடுக்க வேண்டுமாம்.

மானேஜர் ராஜசேகர் நவீன்குமாரைக் கூப்பிட்டார். "அவங்களுக்கு ஒரு பாதாளக் கோட்டை வரைஞ்சு, கதையையும் நீயே சொல்லு. பிடிச்சிருந்தா நீ நிரந்தரம். இல்லேன்னா அம்மாகூட ஏலக்கா பறிக்கப் போயிரு."

சார்ட் பேப்பரில் பன்னிரண்டு அறை வரைந்தான். அறைக்கு ஓர் அரக்கன். கடைசி அறையில் நாகமும் புதையலும். அதோடு விட்டிருக்கலாம். யாருக்கு யார் என்ன முறை என்று எழுதாமல் ஒருவரைக் குடிவைக்க நம் ஆட்களுக்கு வராதே!

முதல் அறையிலிருந்த ஒற்றைக்கண்ணனை மோனிஷா என்ற பெண் ஒரே உருட்டில் கொன்றாள்.

"அடுத்த ரூமைத் திறங்க."

"பூட்டியிருக்குங்க. எல்லாரும் துஷ்டிக்குப் போயிட்டாங்க. செத்தவரு நாகத்துக்குத் தாய்மாமன்."

"அப்ப புதையல் சாவி?"

"நாகத்தோட இடுப்புல. பதினாறு கழிஞ்சுதான் வரும்."

"நாகத்துக்கு ஏதுங்க இடுப்பு?"

"அரைஞாண் கட்டியிருக்குல்ல, அதுக்குக் கீழ."

மோனிஷா யோசித்தாள். "சரி, நாமளும் மாலை வாங்கிட்டுப் போலாம்."

போனார்கள். கோடித்துணியை முதலில் யார் போடுவது என்று அங்கே அரக்கர்களுக்குள் அடிதடி. மந்திரவாதி சம்பந்திக்குப் பரிந்து பேசப்போய் உதை வாங்கினான். வீரன் வாளை வைத்துவிட்டுப் பந்தல் போட்டான். ஞாயிறு மத்தியானம் அறையைக் காலிசெய்யும் நேரம் வந்தும் பிணம் எடுத்தபாடில்லை.

"வீரதீரம் கேட்டா இழவு வீட்டக் காட்டியிருக்கியேடா! நாளையிலருந்து வராத" என்றார் ராஜசேகர்.

அந்நேரம் மோனிஷா பெட்டியோடு வந்து நின்றாள். "பதினாறாம் நாளுக்கு ஆறு ரூம் போட்டு வையுங்க. எங்க ஆபீஸே வருது. கதை இவருதான் சொல்லோணும். இருப்பாருங்களா?"

"இருப்பாருங்க" என்றார் ராஜசேகர், கண்ணிமைக்காமல். "நம்ம நிரந்தர ஸ்டாஃபுங்க."

இப்போது நவீன்குமார் அதே ரிசார்ட்டில் நிரந்தர வேலையில் இருக்கிறான். குமுளி பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் செல்வலட்சுமியோடு குடியிருக்கிறான்.