இரண்டும் இருபத்தாறுதான்!

போன புதன்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பின் கொஞ்சம் புகை. அதன்பின் சமையலறையிலிருந்து என் மனைவி வைதேகியின் குரல்.

"ஏன்னா... என்னது, தீஞ்ச வாசனை வரது?"

"ஒண்ணுமில்லை. டெஸ்ட் பண்ணிண்டிருக்கேன்" என்றேன்.

பதில் கம்பீரமாகத்தான் இருந்தது. கையில் பிடித்திருந்த டப்பாதான் சுட்டது. கீழே போட்டேன். பக்கத்தில் தலைகீழாக நின்றுகொண்டிருந்த சைக்கிளின் முன்சக்கரம், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் அசையாமல் இருந்தது.

இதழ்தோறும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் கைராசி தெரியும். மிக்ஸியைப் பிரித்து மூடியதில் நான்கு ஸ்க்ரூ மிச்சம் பிடித்த கதையைப் பெருமையோடு எழுதியவன் நான். அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது... ஒருவர் மேலே அமுக்கிப் பிடித்துக்கொண்டால்.

இந்த முறை நான் கைவைத்தது எலெக்ட்ரிக் சைக்கிளில். கடையில் கிடைப்பதை வாங்கவில்லை. தனித்தனியாகப் பார்ட்ஸ் வாங்கி நானே உருவாக்குவது என்று இறங்கிவிட்டேன்.

எதற்கு இந்த வேண்டாத வேலை?

வைதேகி வாரத்தில் மூன்று நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தையல் கூடத்துக்குப் போவாள். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிறாள். சம்பளமெல்லாம் கிடையாது. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் அவளை 'டீச்சர்' என்று பதினைந்து பேர் கூப்பிடுகிறார்கள். வீட்டில் அவளை 'இங்க பாரு' என்றுதான் நான் கூப்பிடுவேன்.

கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு அவளுடைய முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. டவுன் பஸ்ஸில் ஏறவேண்டுமென்றால் முதல் படியே பாதி மாடி உயரம். ஸ்கூட்டர் அவளுக்கு ஓட்டத் தெரியாது. நான் கொண்டுபோய் விடலாமே என்பீர்கள். விட்டேன், ஒரு நாள். போய்ச் சேர்ந்தபோது வகுப்பு முடியப் பத்து நிமிஷம் இருந்தது. அதற்கப்புறம் அவள் என்னைக் கூப்பிடவில்லை.

சைக்கிள் நன்றாக ஓட்டுவாள். சமதளத்தில் முழங்கால் ஒன்றும் சொல்வதில்லை. பாலத்து ஏற்றத்தில்தான் மக்கர் செய்கிறது.

"லீவு முடிஞ்சு, இன்னும் நாலு வாரத்துல திங்கட்கிழமை கிளாஸ் ஆரம்பிக்கறது. அதுக்குள்ள ஒரு வழி தெரியலைன்னா வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றாள். ஏதோ பால் பாக்கெட்டை நிறுத்துவதைப்போல சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு, வகுப்புக்கு எடுத்துப்போகும் நோட்டை மேஜை டிராயருக்குள் வைத்து மூடினாள்.

"உன் லேடீஸ் சைக்கிள் சும்மாதானே நிக்கறது? அதுல மோட்டார் வெச்சுத் தரேன்" என்றேன்.

அவள் மிக்ஸியைப் பார்த்தாள்.

தமிழில் 'பொருத்துவது' என்கிறோம். 'பொருத்தம்' என்றும் சொல்கிறோம். பொருத்தம் பார்த்துவிட்டுப் பொருத்து என்று மொழியே புத்தி சொல்கிறது. நான் சும்மா விடுவேனா? காலண்டர் தாளின் பின்பக்கம் ஜாதகம் மாதிரி பன்னிரண்டு கட்டம் போட்டேன். லக்னத்தில் மோட்டார். ஏழாம் இடத்தில் பேட்டரி. அப்புறம் மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர், கையால் திருகும் த்ராட்டில், பிரேக், சீட்டு... ஒவ்வொன்றாக எழுதி, எதிரே 'உத்தமம்', 'மத்திமம்' என்று குறித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால் எல்லாமே உத்தமம். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆலோசனைக்கு வாட்ஸப் குழு இருந்தது. சைக்கிள் பிரியர்களுக்கான குழு. ஐம்பது பேர். அதில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நான்கு பேர். ஓட்டுகிறவர் ஒருவர். ஆனால் கருத்து சொல்வதில் ஐம்பது பேரும் குறைவைக்கவில்லை. தலைமை ஆலோசகர் எங்கள் தெரு சம்பத், ரிட்டயர்டு இன்ஜினீயர். எந்த இன்ஜினீயரிங் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஓய், முப்பத்தாறு வோல்ட்டெல்லாம் ஒரு வோல்ட்டா? பேட்டரி நாப்பத்தெட்டாப் போடும். பாலத்துல பஸ்ஸையே ஓவர்டேக் பண்ணலாம்!"

வைதேகி எதற்காக பஸ்ஸை ஓவர்டேக் செய்ய வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. மோட்டாரும் கன்ட்ரோலரும் முப்பத்தாறு வோல்ட்டுக்கு ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தேன். பேட்டரியை நாற்பத்தெட்டாகப் போட்டேன். அதிகம் இருந்தால் நல்லதுதானே? சாம்பாரில் பருப்பு அதிகமானால் யாராவது கோபிப்பார்களா?

ஆன்லைன் கடையில் எல்லாப் பொருளுக்குக் கீழும் ஒரு வார்த்தை இருந்தது — 'யுனிவர்சல்'. அதாவது எதற்கும் பொருந்தும். வரன் பார்க்கும்போது "பையன் அட்ஜஸ்ட் பண்ணிப்பான்" என்பார்களே, அந்த வகை வாக்குறுதி. கேட்கும்போது இதமாக இருக்கும். கல்யாணத்துக்கப்புறம்தான் விஷயம் தெரியவரும்.

பெட்டிகள் வந்தன. முன்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் வைத்து, ரிம்மோடு அனுப்பியிருந்தார்கள். ரிம் 26 இன்ச். வைதேகியின் சைக்கிள் டயரும் 26 இன்ச். இதைவிடப் பெரிய பொருத்தம் ஏது? டயரை மாட்டினேன். தொளதொளவென்று ஆடியது, ஒரு விரல் நுழைகிற அளவு இடைவெளியோடு. பழைய டயர், தளர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிரேக் கட்டையோ ரிம்மைத் தொடவே இல்லை. அதுவும் பழசுதான் என்று முடிவுசெய்தேன்.

புதன்கிழமை பேட்டரியை இணைக்கப் போனேன். பேட்டரியின் பிளக் கன்ட்ரோலரின் பிளக்கில் நுழைய மறுத்தது. திருப்பிப் போட்டேன், தட்டிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். ம்ஹூம். கடைசியில் இரண்டு பிளக்கையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒயரோடு ஒயரை முறுக்கி டேப் சுற்றினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

டப்!

வைதேகி கூடத்துக்கு வந்தாள். புகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"விடுங்கோ. கைல சுட்டுக்காம இருந்தேளே, அது போறும். நான் ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்."

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடு" என்றேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் ஒரு ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பாலம் தாண்டினேன். சத்திரம் பக்கத்துச் சந்து ஒன்றில் ஷமீமா என்கிற பெண்மணி எலெக்ட்ரிக் வண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். கணவர் துபாயில். நாற்பது வயதிருக்கும். காதில் பென்சில், கையில் மீட்டர்.

பெட்டியைத் திறந்து கருகிய கன்ட்ரோலர் டப்பாவை முகர்ந்து பார்த்தார்.

"யா அல்லா! முப்பத்தாறு சாப்பிடுற புள்ளைக்கு நாப்பத்தெட்ட ஊட்டிட்டீங்களே சார்?"

"அதிகமா இருந்தா நல்லதுன்னு..."

"பிளக்கு சேர்ந்துச்சா?"

"சேரலை. வெட்டிட்டு..."

"சேரலன்னா வேணாம்னு அர்த்தம் சார். அதுக்குத்தான் பிளக்க வேற மாதிரி செஞ்சு வச்சிருக்கான். நீங்க டேப்ப சுத்திக் கட்டாயக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்க."

கடையில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி?

அடுத்து டயர். என்னுடைய டயரையும் மோட்டார் ரிம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் இருபத்தாறுதான். ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராது. ரிம்மு வந்து கியர் சைக்கிள் இருபத்தாறு. டயரு லேடீஸ் சைக்கிள் இருபத்தாறு. பெரிய எழுத்த மட்டும் பாக்காதீங்க சார். டயர் ஓரத்துல பொடி எழுத்துல இன்னொரு நம்பர் இருக்கும், அதான் அசல் அளவு."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தேன். டயரில் 590 என்றிருந்தது. ரிம்மில் 559. அறுபது வயதில் இருபத்தாறிலேயே இரண்டு ஜாதி உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

"சரி, இப்ப என்ன பண்றது?" என்றேன்.

ஷமீமா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஓட்டப்போறது யாரு?"

"என் மனைவி. முட்டி வலி, பாலத்து ஏத்தத்துல மிதிக்க முடியலை."

"என்ன ஒயரம்?"

என் தோளுக்கு நேராகக் கையைக் காட்டினேன்.

"புடவையா, சுடிதாரா?"

"ரெண்டும்... பெரும்பாலும் புடவைன்னு நினைக்கிறேன்."

"முட்டி வலின்னீங்களே, எந்தக் கால்ல?"

யோசித்தேன். "இடது... இல்லை, வலது."

அவர் பென்சிலை மறுபடி காதில் செருகிக்கொண்டார். "நாளைக்கு மாமிய கூட்டிட்டு வாங்க சார்."

வீட்டுக்கு வந்து வைதேகியிடம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு இருபத்தாறு விஷயத்தை விளக்க ரொம்பவே திணறினேன்.

"ரெண்டுமே 26தான். பாத்தா வித்தியாசம் தெரியாது. ஆனா..."

"புரியறது" என்றாள். "வடகலை, தென்கலை."

ஸ்ரீரங்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காக: இரண்டு தரப்புக்கும் பெருமாள் ஒருவர்தான், நெற்றியில் இடுவதும் திருமண்தான். ஒன்றுக்கு மூக்கின்மேல் பாதம் உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. அந்த ஒரு விரல்கடை பாதத்துக்காக எத்தனை வாய்ச்சண்டை! நான் தென்கலை, அவள் வடகலை. எங்கள் கல்யாணப் பேச்சு அதிலேயே நான்கு மாதம் இழுபட்டது.

வியாழக்கிழமை அவளை அழைத்துப் போனேன். ஷமீமா ஒரு ஸ்டூலைப் போட்டு, "உக்காருங்க மாமி. என்ன வேணும்னு சொல்லுங்க" என்றார்.

வைதேகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். எனக்குத் தெரிந்து இந்த வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான்.

"ரெண்டு முட்டியும் வலிக்கறது. ஆனா மிதிக்கறதை நிறுத்தப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதனால கைல திருகினா பறக்கற சமாச்சாரம் எனக்கு வேண்டாம். நான் மிதிக்கறேன். பாலத்து ஏத்தத்துல மட்டும் பின்னாலேந்து யாரோ கை வெச்சுத் தள்ற மாதிரி இருந்தாப் போறும். பிரேக் என் விரலுக்கு எட்டணும். நின்னா கால் தரைல படணும். கூடைல நோட்டுப் புஸ்தகம் வைப்பேன். அப்புறம் இந்த சீட்டு..."

நான் ஆசையாக வாங்கிய ரேஸ் சீட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல கொக்குதான் உக்காரலாம்."

ஷமீமா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நாற்பத்தெட்டு பேட்டரியைத் தானே எடுத்துக்கொண்டு முப்பத்தாறு தருவதாகச் சொன்னார். புது கன்ட்ரோலர் போடுவதாகவும், மோட்டாரை கியர் சைக்கிள் ரிம்மிலிருந்து கழற்றி, வைதேகியின் பழைய ரிம்மிலேயே வேறு ஸ்போக்ஸ் கம்பி போட்டுக் கோத்துத் தருவதாகவும் சொன்னார். அப்படிச் செய்தால் பழைய டயரும் உட்காரும், பழைய பிரேக்கும் பிடிக்கும். த்ராட்டிலுக்குப் பதிலாக, பெடல் சுற்றினால் மட்டும் மோட்டார் வேலை செய்யும்படி ஒரு சென்ஸார். பஸ்ஸை ஓவர்டேக் செய்யும் திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது.

"பாத்தீங்களா சார்," என்றார் ஷமீமா, "அஞ்சு நிமிசம். நீங்க எத்தன நாள் ஆராய்ச்சி பண்ணுனீங்க?"

மூன்று வாரம். சொல்லவில்லை.

நம் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு இது பரம்பரை வியாதி என்று நினைக்கிறேன். அடுப்பில் ஒரு நாளும் நிற்காதவர் சமையல் மேடையின் உயரத்தை முடிவுசெய்வார். எல்லாவற்றுக்கும் பொருத்தம் பார்ப்போம். உபயோகிக்கப்போகிறவர் அடுத்த அறையில்தான் இருப்பார்... எழுந்துபோய்க் கேட்க மட்டும் சோம்பல். சோம்பலா, திமிரா? என் விஷயத்தில் திமிர்தான். ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மாலை சைக்கிள் தயார். கடைச் சந்தில் ஒரு சுற்று போய்விட்டு வந்த வைதேகி, இறங்காமலே "நான் இதுலயே ஆத்துக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். பாலத்து ஏற்றம் வந்தது. ஸ்கூட்டரை மெதுவாக்கினேன். அவள் முதுகு வளையவில்லை, வேகம் குறையவில்லை. சீராக மிதித்து ஏறினாள். பாதிப் பாலத்தில் நான் பக்கத்தில் வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காம விட்டது என் தப்புதான்" என்றேன், ஸ்கூட்டர் சத்தத்துக்கு மேல்.

"புதுசா என்ன? அன்னிக்கும் அப்படித்தானே? உங்காத்துல பத்துப் பொருத்தமும் பாத்தா. கலை பாத்தா, கோத்ரம் பாத்தா. உனக்குச் சம்மதமான்னு என்னை யார் கேட்டா?"

முப்பத்து நான்கு வருஷம் கழித்து, காவிரிக்கு மேலே, முதல்தடவையாகக் கேட்டேன். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"கொஞ்சம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருப்பேன்."

"இப்போ?"

"இன்னும் ஓட்டிண்டுதானே இருக்கேன்!" என்று சொல்லிவிட்டு, ஒரு மிதி மிதித்து முன்னால் போய்விட்டாள்.

சைக்கிளைப் பற்றித்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.