பலூனிலிருந்து தேடிய சுடுகாட்டுப் பாதை

சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய பலூன் மேலே எழுந்ததும் மற்றவர்கள் கைப்பேசியை நீட்டிப் படமெடுத்தார்கள். பச்சமுத்து கீழே குனிந்து பாதை தேடினார்.

திருக்கோவிலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பத்தெட்டு வருடமாகக் குழி வெட்டுகிறவர் அவர். அப்பா வெட்டினார், அதனால் இவரும் வெட்ட வேண்டும். விருப்பமா என்று யாரும் கேட்டதில்லை. ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் குழி வெட்டியவர் தன் வீட்டுப் பிணத்தை ஊர்த்தெரு வழியே தூக்கிப் போகக் கூடாது. நான்கு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் மனைவி குஞ்சம்மாள் இறந்தபோது, மார்பளவு தண்ணீர் ஓடிய ஓடையில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருவர் வழுக்கினார். அதற்குமேல் அவர் யாரிடமும் சொன்னதில்லை. மறு வருட வெள்ளம் கரையோடு அந்தக் குழியையும் கொண்டுபோயிற்று.

மகள் எழில்மதி குவைத்தில் செவிலியர். உடன் வேலை செய்பவர்களோடு எகிப்து பார்க்கப் புறப்பட்டவள், தன்னிடம் வந்திருந்த அப்பாவையும் அழைத்து வந்திருந்தாள்.

"இன்னா நைனா, இப்டி எட்டிப் பாக்கற? வுழுந்துடப் போற."

"மலைக்கு அந்தாண்ட ராஜாங்க சுடுகாடுன்ன. அத வெட்டனவங்க வூடு எது?"

எழில்மதி ஆங்கிலத்தில் கேட்க, வழிகாட்டி மலைக்கு இந்தப் பக்கம் கூரையற்ற கற்சுவர்களைக் காட்டினார்.

"அவங்க சுடுகாடு?"

"வூட்டாண்டயே, அந்தச் சரிவுல."

"பொணத்த எப்டி சுத்திக்கினு போவாங்க?"

எழில்மதி வீடுகளிலிருந்து சரிவுக்கு விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். "சுத்தல நைனா. நேராதான்."

தரையிறங்கி, அரசர் கல்லறை ஒன்றின் வாசலுக்குப் போனபோது பச்சமுத்து செருப்பைக் கழற்றினார். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"எல்லாரும் போவட்டும்."

"நமக்கும் டிக்கெட் கீது. செருப்பப் போடு நைனா."

உள்ளே அவர் ஓவியத்தைப் பார்க்கவில்லை. பாறையில் உளி விழுந்த தடத்தைத் தடுப்புக்கு இப்பாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். செத்த அரசனுக்குப் பசிக்குமென்று அறை அறையாகச் சோறும் தங்கமும் வைத்தார்களாம். வெட்டியவனுக்குப் பசித்ததா என்பது அந்தச் சுவரில் எங்கேயும் இல்லை.

பிறகு, வெட்டியவர்களின் ஊர். அங்கே ஒரு சிறு கல்லறைக்குள் இறங்கியதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் சுவரில் ஒருவன் ஏர் ஓட்டுகிறான். பின்னால் அவன் மனைவி விதைக்கிறாள்.

"இது எந்த ராஜா?"

"ராஜா இல்ல. ராஜாவுக்கு வெட்டனவரு. அந்தம்மா பேரும் எழுதிக்கீதாம்."

"பொண்டாட்டி பேருமா?"

வெளியே வந்ததும் வழிகாட்டி இன்னொன்று சொன்னார். மூவாயிரம் வருடத்துக்கு முன், கூலித் தானியம் வராததால் இந்த ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்களாம்.

"ராஜா வேலயவா? வெட்டமாட்டன்னா சொன்னாங்க?" பச்சமுத்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்கள கொல்லலியா?"

"இல்ல நைனா. தானியம் வந்துச்சாம்."

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். வெட்டமாட்டேன் என்று ஒருவன் சொல்லலாம் என்பதே அவருக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிகிறது. அவருக்குத் தெரியாமல் வைத்திருந்தவர்களுக்கு அது முன்பே தெரியும்.

அப்போது கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து நிலக்காரர் ராஜாங்கம்.

"டேய் பச்ச, எங்கடா தொலஞ்ச? அம்மா போய்ட்டாங்க. வந்து குழிய வெட்டு."

"ராஜா சுடுகாட்டாண்ட கீறேங்க."

"எந்த ராஜாடா? பட்டப்பகல்லயே ஊத்திக்கினியா?"

பச்சமுத்து அந்தக் கூரையற்ற சுவர்களைப் பார்த்தார். "அம்மா போனது கஷ்டந்தாங்க. ஆனா நான் வரமாட்டேங்க. இன்னிக்கி மட்டும் இல்ல. எங்க பொணம் உங்க தெருவுல போற அன்னிக்கி கூப்புடுங்க."

"இன்னாடா சொன்ன?"

எழில்மதி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து நின்று மறுபடி சொன்னார். இந்த முறை 'ங்க' இல்லை.

"வரமாட்டேன்."